இந்த அறைக்குள் நார்மல்

போன வாரம் ரம்யா கூப்பிட்டாள். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த இதய கிளினிக்கில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, ஒரு டவுட்டு. டிரெட்மில் டெஸ்ட்டுக்கு வர்றவங்ககிட்ட சுகர், பிரஷர், சிகரெட் எல்லாம் கேக்கறோம், சரி. நீங்க எங்க வாக்கிங் போறீங்க, வழியில என்ன வாசனை வருதுன்னு எதுக்குக்கா கேக்கணும்? நேத்து ஒருத்தர், 'ஏம்மா, நான் ஹார்ட்டுக்கு வந்தேனா, மூக்குக்கு வந்தேனா'ன்னு சிரிக்கறார். டாக்டர்கிட்ட கேட்டா, 'வித்யாவக் கேளு'ன்னுட்டாங்க."

பாதி சொல்வதற்குள் என் மகள் பால் டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, போனில் சொல்வதைவிட எழுதிவிடலாமே என்று தோன்றியது. பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனாலும் மகளுக்கு அடிக்கடி வீசிங் வந்து, அவளை எங்கும் விட மனமில்லாமல் வேலையை விட்டுவிட்ட பிறகு, நான் செய்த வேலை என்பது முடிந்துபோன ஒரு காலமாகத்தான் தெரிகிறது. விட்டது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. காலையில் சரி என்று தோன்றும், மாலையில் தவறு என்று தோன்றும். அந்த வேலை கிடைத்ததற்கு நன்றியோடிருக்கிறேன் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் படித்தது இதயப் பரிசோதனைக் கருவிகளை இயக்கும் படிப்பு. படித்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, படிப்பில் யாரும் சொல்லித்தராத ஒன்றைத் தெரிந்துகொண்டேன். நம் ஊர் ஆண்கள் டாக்டரைப் பார்க்க வரும்போது குளித்து, மார்பு முழுக்கப் பவுடர் பூசி, அதன்மேல் விபூதியும் பூசிக்கொண்டு வருகிறார்கள். அதன்மேல் இசிஜி வில்லையை ஒட்டினால் ஒட்டாது. ஒட்டினாலும் கோடு ஏரி அலை மாதிரி ஆடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தேவைப்பட்டால் ரோமத்தை மழித்து, தோலை லேசாகத் தேய்த்து, பிறகுதான் ஒட்ட வேண்டும். விபூதியைத் துடைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "துடைச்சிக்கலாமா சார், வீட்டுக்குப் போய்த் திரும்ப இட்டுக்கலாம்" என்றால் யாரும் மறுத்ததில்லை. கேட்காமல் துடைத்தால் முகம் சுருங்கும், நாடித்துடிப்பும் ஏறும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டாக்டர் மாலதி.

மாலதி மேடத்தோடு வேலை பார்ப்பது எளிதல்ல. நோயாளியைவிடத் தாழ்வான ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணாந்து பார்த்துத்தான் பேசுவார். நோயாளியிடம் அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர், எங்களிடம் திரும்பினால் ஊசி மாதிரி பேசுவார். அவர் முன்னால் ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே கூடாது. சேர்ந்த புதிதில் நான் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"மேடம், டிரெட்மில் டெஸ்ட் முடிஞ்சது. நார்மல்."

"எங்க நார்மல்?"

எனக்குப் புரியவில்லை. "ரிப்போர்ட்ல, மேடம்."

"அந்த அம்மா ரிப்போர்ட்லயா குடியிருக்காங்க? நீ அவங்கள ஏசி ரூம்ல, ரப்பர் பெல்ட் மேல, ஃபேனுக்கு நேரா நடக்க விட்ட. இந்த அறைக்குள்ள நார்மல். அதுக்கு மேல உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அதன்பிறகு நாங்கள் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகினோம். கிண்டலாகவும் சொல்லிக்கொள்வோம். கேன்டீன் சாம்பார் எப்படி என்றால், "இந்த அறைக்குள் நார்மல்."

காற்றைப் பற்றி மேடம் அவ்வப்போது பேசுவார். புகையும் தூசியும் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத பொடித்துகள் ரத்தம் வரை இறங்கிக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, உலகம் முழுக்க மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இதுவும் ஒரு பெரிய காரணம் என்பார். கல்யாணச் சமையலுக்கு விறகடுப்பின் முன் வருடக்கணக்காக நின்ற ஒரு குன்றத்தூர் அம்மா ஒருமுறை வந்திருந்தார். "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று நான் வழக்கம்போல் கேட்டதற்கு அவர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "கேள்வியை மாத்து. வீட்டுல, வேலையில புகை இருக்கான்னு கேளு" என்றார் மேடம். மாற்றிக்கொண்டேன். இனி எல்லாம் சரியாகக் கேட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் சார் வந்தார்.

செம்பாக்கத்தின் பழைய குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகு சிமென்ட், கம்பிக் கடை வைத்திருந்தார். சர்க்கரை வந்ததும் வேறொரு மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதை அவர் கோயில் வேண்டுதல் மாதிரி எடுத்துக்கொண்டார். மழையோ பனியோ, விடியற்காலையில் ஏரிக்கரையில் இருப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கொஞ்ச காலமாக, இரண்டாவது சுற்றில் மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது என்று மனைவி சரோஜாம்மா இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

என்னை மேடம் என்றும் மாலதி மேடத்தை டாக்டரம்மா என்றும்தான் அவர் கூப்பிடுவார். டிரெட்மில்லைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மேடம் இது, நின்ன எடத்துலயே நடக்கணுமா? ஊர் போய்ச் சேர மாட்டேனே."

"நீ ஏரியிலயும் அப்படித்தான நடக்கற," என்றார் சரோஜாம்மா. "அவரு நடக்கறதே இல்ல மா. நாலு பேர சேத்துக்கினு கத பேசிக்கினு கீறாரு."

"இவளுக்குப் பொறாம மேடம். ஊருல எனக்கு ஃப்ரெண்ட்ஸ் ஜாஸ்தி."

துடைத்தேன், ஒட்டினேன், ஓடவிட்டேன். பெல்ட் வேகம் கூடக்கூட அவர் பேச்சும் கூடியது. போக வேண்டிய அளவு துடிப்பு போனது. கோட்டில் ஒரு சறுக்கல் இல்லை. மார்பு இறுக்கமும் இல்லை. "பாத்தியா, குதுர மாதிரி கீறேன்" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

மேடம் வந்து தாள் முழுவதையும் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்தார். "இந்த அறைக்குள்ள நல்லா இருக்கீங்க. ஆனா நீங்க சொல்ற வலி எனக்குப் பிடிக்கல. ஆஞ்சியோ பண்ணிப் பாத்துடலாம்."

"டாக்டரம்மா, மிஷினே நல்லா கீதுன்னு சொல்லுது. அப்பறம் எதுக்குக் கம்பி வுட்டுப் பாக்கணும்? கடைய யாரு பாக்கறது?"

அவர் அசையவில்லை. மேடமும் கெஞ்சவில்லை. கேள்வி கேட்பதில் இறங்கினார். எங்கே தொடங்குவீர்கள், எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள், மேடு உண்டா, வெறும் வயிற்றிலா, லாரி போகும் சாலையா. கடை மாடிப்படி ஏறும்போது வலி இல்லையாம். வீட்டில் இல்லையாம். கடைக் கணக்குப்பிள்ளையோடு சண்டை போடும்போதுகூட இல்லையாம்.

"நடக்கிற எடத்துல புகை ஏதாவது?"

"பொகையா?" அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. "ஏரிக்கரை டாக்டரம்மா அது. மேடவாக்கம் ரோடு மாதிரி தண்ணி லாரியும் தூசியுமா கீற எடம் இல்ல. சுத்தமான காத்து. அத்த சுத்தமா வெச்சிக்கறதே நாங்கதான்."

சரி, ஆஞ்சியோ வேண்டாம் என்றால் ஒரு நாள் முழுக்க ஹோல்டர் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் மேடம். ஹோல்டர் என்பது இடுப்பில் தொங்கும் ஒரு சின்னப் பெட்டி. ஒயர்கள் மார்பில் ஒட்டியிருக்கும். நீங்கள் உண்டாலும் உறங்கினாலும் நடந்தாலும் இதயம் என்ன செய்கிறது என்று பதிந்துகொண்டே இருக்கும். வலி வந்தால் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கழற்றும்வரை குளிக்கக் கூடாது.

"அப்பாடா, இவருக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார் சரோஜாம்மா.

நானும் செம்பாக்கம்தான். அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். தினம் கொஞ்சம் நடங்கள் என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். "நாளைக்கு ஏரிப் பக்கமே நடக்கறேன் மேடம். ஒயர் கழண்டா மாட்டி விடலாம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "மெதுவா நட. அவரையும் மெதுவா நடக்க வை. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை அவர் பையில இருக்கணும். வலி வந்தா உக்கார வை, மாத்திரை குடு, எனக்கு போன் பண்ணு. வேற எதையும் யோசிக்காத."

வேறு எதையும் யோசிக்காதே என்று என்னிடம் சொன்னார்! அன்றிரவு கர்ப்பிணிகள் விடியற்காலையில் நடக்கலாமா, பனி ஒத்துக்கொள்ளுமா, துணைக்கு வருகிறேன் என்ற கணவரை வேண்டாம் என்றது தப்போ என்று எல்லாவற்றையும் யோசித்தேன்.

நான் போனபோது ஏகாம்பரம் சாரும் நண்பர்கள் மூவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். நடக்கவில்லை, பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு தென்னந்துடைப்பம். நடைபாதை நெடுக உதிர்ந்த இலை, டீக் கப்பு, கேரி பேக், யாரோ வீசிப்போன பழைய தலையணை. எல்லாவற்றையும் ஓரமாகக் கூட்டிக் குவித்தார்கள்.

"பாத்தீங்களா மேடம்," என்றார் பெருமையாக. "எவனும் செய்ய மாட்டான். நாங்க வந்த பின்னாலதான் இந்தப் பாத பாத மாதிரி கீது."

உண்மைதான். அதைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. அதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு சூடம் எடுத்துக் குவியலுக்கடியில் வைத்துப் பற்றவைத்தார். காகிதம் பிடித்தது, பிளாஸ்டிக் உருகியது, தலையணை கறுத்தது. காற்றே இல்லாத அந்த விடியலில் புகை மேலே போகாமல் இடுப்புயரத்தில் படிந்து பாதையின் குறுக்கே படுத்துக்கொண்டது. குப்பையை ஒழித்துவிட்ட நிம்மதியோடு நால்வரும் நடக்கத் தொடங்கினார்கள். பாதை ஒரு வட்டம். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் புகைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும்.

இது தினமும் நடக்கிறது. முந்தின நாள் மேடம் புகை உண்டா என்று கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது புகையாகத் தெரியவில்லை. அது சுத்தம் செய்வது.

அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டுமா? ஊர்ப் பெரிய மனிதர், நண்பர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திப் பின்னால் நடந்தேன். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது முறை புகையைத் தாண்டி வந்ததும் அவர் பேச்சு பாதியில் நின்றது. குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதுபோல் நின்றார். லேஸ் அவிழவே இல்லை. அவர் கை இடுப்புப் பெட்டிக்குப் போய்ப் பொத்தானை அழுத்துவதைப் பார்த்தேன்.

"சார், உக்காருங்க."

"ஒண்ணுமில்ல, கொஞ்சம்…" முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது. பக்கத்திலிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னேன்.

"கேஸா இருக்கும்யா. நேத்து கறி துன்னியா?" என்றார் ஒரு நண்பர்.

மேடம் முதல் மணியிலேயே எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "உக்காந்திருக்கிற எடத்துல புகை வருதா?" என்றார். வந்துகொண்டிருந்தது. எனக்கு இருமலும் வந்தது, நிற்கவே இல்லை. இருமும்போது என்னையறியாமல் இரண்டு கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டன.

ஏகாம்பரம் சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார். மார்பைப் பிடித்துக்கொண்டே, மூச்சு போதாத குரலில் கத்தினார்.

"யோவ், அத்த அணைங்கய்யா மொதல்ல! புள்ளத்தாச்சிப் பொண்ணு நிக்குது, கண்ணு தெரியல?"

நண்பர்கள் ஓடினார்கள். ஒருவர் பிளாஸ்டிக் குடத்தில் ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றினார், இன்னொருவர் மண்ணை வாரிப் போட்டார். புகைக்கு எதிர்ப்பக்கம் அவரைக் கைத்தாங்கலாக நகர்த்தினோம். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் தளர்ந்தது. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொன்னார் மேடம். அங்கே பேசிவிடுவதாகவும் சொன்னார். நண்பரின் காரில் ஏற்றினோம்.

காரில் அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏம்மா, அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்றார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். ஆகாது சார் என்று நான் சொன்னேன். சொன்ன குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மேடம் ஹோல்டர் பதிவை ஓடவிட்டு, அவர் பொத்தானை அழுத்திய இடத்தில் நிறுத்தினார். கோடு சரிந்திருந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே சரியத் தொடங்கியிருந்தது. வலி தெரிவதற்கு முன்னாலேயே இதயம் தவித்திருக்கிறது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இப்ப மிஷின் இன்னா சொல்லுது டாக்டரம்மா?"

"ஏரிக்கரையில நார்மல் இல்லன்னு சொல்லுது."

அவர் ஒப்புக்கொண்டார். ஆஞ்சியோவில் முக்கியமான குழாய் ஒன்று பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது தெரிந்து, அதை விரித்துவைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிச் சுருளை வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சரோஜாம்மா கேட்டார்.  மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாப் பழியையும் புகைமேல் போடவும் மேடம் விடவில்லை. சர்க்கரை, வயது, கொழுப்பு எல்லாம் சேர்ந்து குறுக்கிய குழாய் அது. வருடக்கணக்காகச் சுவாசித்த புகையும் அதில் பங்கு சேர்த்திருக்கும். அன்றன்றைக்குப் புகைக்குள் போகும்போது குழாய் இன்னும் இறுகும், ரத்தத்தில் பிராணவாயு குறையும், இதயத்துக்குப் போதாமல் போகும். "நடக்கச் சொன்னது சரி. எங்க நடக்கறீங்கன்னு கேக்காம விட்டதுதான் நம்ம எல்லாருக்கும் பாடம்" என்றார். நம்ம எல்லாருக்கும் என்று தன்னையும் சேர்த்துச் சொன்ன அந்த மேலதிகாரிக்கு என் நன்றி.

வீடு திரும்பியதும் ஏகாம்பரம் சாருக்கு நடப்பதைவிடப் பெரிய வேலை காத்திருந்தது. நண்பர்களிடம் கொளுத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரே அவர்தான். "ஒரு ஸ்பிரிங் வெச்சதும் டாக்டர் ஆயிட்டியா?" என்று கேட்டார்களாம். "குப்பைய இன்னா பண்றது, வூட்டுக்கு எடுத்துக்கினு போவட்டுமா?" என்றும் கேட்டார்களாம். கேள்வி நியாயமானது. குப்பை வண்டி ஏரிப் பக்கம் வருவதில்லை. அவர் தினமும் தெருமுனையில் நின்று, வண்டி ஓட்டுகிற பெண்ணிடம் பேசிப் பேசி ஒரு திருப்பம் கூடுதலாக வரவைத்தார். கூட்டிய குப்பையைக் கடைச் சாக்குகளில் கட்டிவைக்கிறார்கள், வண்டி எடுத்துப்போகிறது. இலைக்குத் தனியாக ஒரு குழி வெட்டினார்கள். நடப்பதும், விடியலில் தாழப் படிந்திருக்கும் ஊர்ப்புகை கலைந்து வெயில் ஏறிய பிறகுதான்.

என் பங்குக்கு நான் பிரசவம் வரை பயந்துகொண்டே இருந்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்த செய்தி தெரிந்து இருவரும் பார்க்க வந்தார்கள். அவர் தொட்டிலுக்கு வெகு தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "கிட்ட வாங்க சார்" என்றேன். "கடையிலருந்து வரேன் மா. சட்டையெல்லாம் சிமென்ட் தூசி" என்றார். மகளுக்குப் பிறகு வீசிங் வந்தபோது, அந்தக் காலைதான் காரணமோ என்று மேடத்திடம் அழுதேன். ஒரு காலை அல்ல, நாம் எல்லோரும் சுவாசிக்கும் எல்லாக் காலைகளும்தான் என்றார். அது ஆறுதலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஸ்டென்ட் வைத்த பின் அவர் முதல்முறை மறுபரிசோதனைக்கு வந்த நாளில்தான், ரம்யா, நீ கேட்ட கேள்வி பிறந்தது. மேடம் வழக்கம்போல் எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "வூட்டு வாசல்ல ஒண்ணும் இல்ல. முக்குல டீக்கட, பால் பொங்கற வாசன. ரோட்டத் தாண்டும்போது டீசல் நாத்தம், அங்க மூச்சப் புடிச்சிக்கினு ஓடியாந்துடுவேன். கோயிலாண்ட சூடம். கரையேறினா பாசி வாசன. அதுக்கு அப்பறம் ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, வெறும் காத்து." மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்து என்னைப் பார்த்தார். "இனிமே புகை இருக்கான்னு கேக்காத. இல்லன்னுதான் சொல்வாங்க. என்ன வாசனை வருதுன்னு கேளு."

இவ்வளவுதான் ரம்யா. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நீ விடாமல் கேள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது இன்று காலை ஏகாம்பரம் சார் போன் செய்தார். "மேடம், ராத்திரி பேஞ்ச மழையில காத்து கழுவி வுட்டாப்ல கீது. பாப்பாவக் கூட்டினு வாயேன்." நான் உடனே போனில் காற்றின் தரம் காட்டும் எண்ணைப் பார்த்தேன். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அது எங்கேயோ தள்ளியிருக்கும் கருவியின் கணக்கு. போகலாமா, ஈரம் ஒத்துக்கொள்ளுமா, இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று மனம் ஓடியது.

"யாராவது ஏதாவது கொளுத்தறாங்களா சார்?" என்று கேட்டேன்.

"நான் உசுரோட இங்க நிக்கறேன் இல்ல?" என்றார். "எவன் கொளுத்துவான்?"

மகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.